குறுக்களவு

மானுக்காக ஸ்டியரிங்கை ஒடித்தான்.
மான் தப்பியது.
மதகின் சிமென்ட் விளிம்பு
பிக்கப்பின் இடது முன்மூலையை வாங்கிக்கொண்டது.
ஓர்லின் மேல் ஒரு கீறல் இல்லை.
"சட்டம் மட்டும்தான் வளைஞ்சிருக்கு" என்று
அன்றிரவு மூன்று முறை சொன்னான்,
முதுகெலும்பு மட்டும்தான் என்பது போல.

மைனாட் பட்டறையில் ஒருத்தி
தொலைபேசியிலேயே விலை சொன்னாள்:
இரண்டாயிரத்து அறுநூறு டாலர்.
பார்த்தபின் கூடலாம், குறையாது.
வண்டியை வாங்கியதே ஐயாயிரத்துக்கு,
அதுவும் கோதுமை நல்ல விலைக்குப் போன வருஷம்.

"இடிச்சு வளைஞ்சதை இழுத்து நிமிர்த்த முடியாதா?"
நாய் வாலையே நிமிர்த்தப் பார்ப்பவன் அவன்;
பதினொரு வருஷமாக என் அண்ணனைத் திருத்துகிறான்.

தானியக் குதிரின் அடித்தளத்தில் ஒரு சங்கிலி.
டிராக்டரில் ஒரு சங்கிலி.
நடுவில் வண்டி,
இரண்டு உறவுக்காரர்கள் கை பற்றி இழுக்கும்
கல்யாண வீட்டுக் குழந்தை மாதிரி.
"சங்கிலிக்கு நேரா நிக்காதே" என்று கத்தினான்.
தான் நேராகத்தான் நின்றான்.

முதல் நாள் சங்கிலி முனகியது.
இரண்டாம் நாள் கொக்கி தெறித்து
கொட்டகைத் தகரத்தில்
என் தலை உயரத்தில் ஒரு ஓட்டை.
அதன் வழியாக வெளியே பனி தெரிந்தது.
நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
மூன்றாம் நாள் காஸ் விளக்கை ஏற்றி
வளைந்த இடத்தைச் சிவக்கவைத்தான்.
அந்தக் குளிரில், சொல்ல வெட்கம்தான்,
நானும் கை நீட்டிக் காய்ந்துகொண்டேன்.

பிறகு அளவு.
சட்டத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு
தரையில் நான்கு சாக்பீஸ் சிலுவைகள்.
மூலைக்கு மூலை குறுக்கே டேப்.
இரண்டு குறுக்களவும் ஒன்றானால் சட்டம் நேர்.
அவன் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து
டேப்பின் ஒரு முனையை அழுத்திப் பிடிக்க,
எண்ணை வாசிப்பது நான்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
அவன் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
ஒன்று நடுங்கியது.
"எவ்வளவு?"
முக்கால் அங்குலம் வித்தியாசம்.
"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

பூட்ஸ் கொஞ்ச நேரம் அசையவில்லை.
பிறகு வெளியே வந்தான்,
புருவத்தில் துருவோடு.
சிரித்தான்.
நான் சூப் வைக்கப் போனேன்.

சனிக்கிழமை அவன் முன்னால் பிக்கப்பில்,
நான் பின்னால் காரில், தீவனம் வாங்க.
இரவெல்லாம் பெய்த பனியில்
எங்களுக்கு முன் யாரும் போகவில்லை.
இரண்டு தடம் இருக்க வேண்டிய சாலையில்
நான்கு தடம்.
பின்சக்கரங்கள் முன்சக்கரங்களை நம்பாமல்
தனி வழி போட்டுக்கொண்டு வந்தன.
முகம் வடக்கே, உடம்பு கொஞ்சம் கிழக்கே,
என் புருஷனின் வண்டி
நண்டு மாதிரி போய்க்கொண்டிருந்தது.
ஆறு மைல். ஹாரன் அடிக்கவில்லை.

மைனாட் பட்டறைக்காரியின் பெயர் ரொவீனா க்ளாக்னர்.
மேடையில் ஏற்றினாள், நான்கு இடத்தில் கவ்வவிட்டாள்,
சிவப்பு ஒளிக்கோடு ஒன்றை
சட்டத்தின் நீளத்துக்கும் ஓடவிட்டாள்.
பேசவே இல்லை.
நீலம் பாய்ந்திருந்த இடத்தில் விரலை வைத்து,
"இங்க சூடு காட்டினீங்களா?"
"கொஞ்சம்."
"இந்த இரும்புக்கு அது ஆகாது.
பாரம் ஏத்தினா இனி இங்கதான் மடியும்.
இந்தத் துண்டை வெட்டிட்டுப் புதுசு வைக்கணும்.
நாலாயிரத்து நூறு."
பிறகு, திட்டுகிற தொனியே இல்லாமல்,
"அளந்தது யாரு?"

நான் வாய் திறந்தேன்.
"நான்தான்" என்றான் ஓர்லின்.

திரும்பும்போது என் கார். நான் ஓட்டினேன்.
வெல்வா வரைக்கும் ஹீட்டர் மட்டும் பேசியது.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
நூற்றுப் பத்துப் பெட்டிகள், எண்ணெய், எண்ணெய், எண்ணெய்.
கடைசிப் பெட்டி போனபின் கேட்டான்:
"எவ்வளவு இருந்துச்சு?"

"முக்கால்."

கையுறையைக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டு,
"அரைதான் இருக்கும்னு நெனச்சேன்" என்றான்.